சொங்ஜு நகரில் கடல் புகுந்த படலம்

வாழ்க, பதினான்காம் மாடத்து மன்னர் வாழ்க! கடல் காணா நிலத்துக் காவலர், குழாய்நீர் அளந்த கோமான், மீட்டர் முள்ளின் சிறுநடுக்கத்தையும் முப்பதாண்டு இமையாமல் நோக்கிய கூர்விழியாளர், ஓய்வூதியம் வந்தும் ஓயாத உள்ளத்தினர், தாக் என்னும் குலத்தில் பிறந்தும் இதுவரை ஒருவரையும் தாக்கியறியாத தண்ணளியாளர், சாங்கு என்னும் திருப்பெயர் பூண்ட செம்மலின் போர்ப்புகழைப் பாடத் துணிந்தோம். அடுப்படி காக்கும் சோவாங் தாயே! விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்து, அதுவும் போய்க் கறுப்புக் கண்ணாடித் தட்டு வந்த பின்னும் வீட்டைக் காலி செய்யாமல் மூலையில் குந்தியிருப்பவளே! எம் நாவில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி அருள்வாய். பாடப்போவது சின்ன விஷயமில்லை, சூப்.

கொரியத் திருநாட்டின் மாநிலங்கள் எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்க, ஒரே ஒரு மாநிலம் மட்டும் நாற்புறமும் நிலம் சூழ, அலையோசை அறியாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலைநகர் சொங்ஜு. மீன்கூட அங்கே ஐஸ்பெட்டியில் படுத்துத்தான் வந்து சேரும். அந்நகரில், வான்தொடு அடுக்குமாடிகள் படைவரிசையாய் நின்ற வீதியில், வீரர் சாங்கு தம் வாழ்க்கைத் துணைவியார் ஓக்பூன் அம்மையாரோடு நல்லாட்சி நடத்திவந்தார். நல்லாட்சி என்றால், அம்மையார் ஆண்டார். வீரர் டிவி பார்த்தார்.

அப்படிப்பட்டவர் போர்க்கோலம் பூண்டதற்குக் காரணம் ஒரு கிண்ணம் சாறு. மியோக் என்னும் கருங்கடற்பாசியை மாட்டிறைச்சியோடு நல்லெண்ணெயில் வதக்கிக் காய்ச்சும் அந்தச் சாற்றைப் பிறந்தநாள் காலையில் குடிக்காதவர், அந்நாட்டில் பிறந்ததாகவே கணக்கில்லை. கேக் வெட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை, சூப் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். சென்ற ஆண்டு அம்மையாரின் பிறந்தநாளன்று வீரர் தூண்டிலைத் தோளில் சார்த்தி ஏரிக்கரைக்குப் போய்விட்டார். மறந்துபோனார், அவ்வளவுதான், அதற்குக் காவியச் சொல் ஏதும் கிடையாது. மாலையில் மழை பிடிக்க, முடிதிருத்தப் போன மனைவிக்குக் குடை கொண்டுபோனவருக்கு, அந்தக் கடைவாசலில் நின்று உள்ளே நடந்த பேச்சைக் கேட்க நேர்ந்தது.

"என்னக்கா, பொறந்தநாளு இன்னிக்கு. சூப் சாப்பிட்டீங்களா?" என்று கடைக்காரி கேட்டாள்.

"சாப்பிடாம? விடியகாலையிலேயே அவரே எந்திரிச்சு வெச்சுக் குடுத்துட்டாருல்ல. கறியெல்லாம் போட்டு" என்றார் ஓக்பூன்.

ஐயகோ! ஆயிரம் வேல்கள் ஒருங்கே பாய்ந்திருந்தால்கூட ஏதாவது ஒரு வேல் குறி தவறியிருக்கும். 'கறியெல்லாம் போட்டு' என்ற அந்தக் கடைசிச் சொல் தவறவில்லை. கணவனைக் காப்பாற்ற ஒரு பொய் போதும். அதற்குக் கறி வேறு போட்டிருந்தார் அம்மையார். குடை கையில் இருந்தும் வீரர் தெப்பமாக நனைந்தார். வீட்டுக்கு வந்த ஓக்பூன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை; வழக்கம்போல மீன் பொரித்து வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த மீனில் பாதியை வீரர் தட்டிலேயே விட்டு எழுந்தார், மனது அப்படிக் குறுகுறுத்தது.

அன்றே அவர் ஃப்ரிட்ஜின் முன் நின்று, அதன் குளிர்ந்த நெற்றியில் வலக்கை வைத்து, வஞ்சினம் உரைத்தார்: "கேள், வெண்பனிப் பேழையே! அடுத்த பிறந்தநாள் விடியும்போது என் இருகையால் ஆக்கிய சாறு ஓக்பூனின் முன் ஆவி பறக்க நிற்கும். நிற்காதாயின், என் தூண்டில் முறிக, என் டிவி இருள்க!" இதை அவர் மனத்துக்குள் சொன்னார். வெளியே கேட்டது ஒரு தும்மல் மட்டும்தான்.

வஞ்சினம் பெரிது, வித்தை சிறிது. சமையலில் நம் வீரர் வென்ற களங்கள் இரண்டே: ஒன்று, பாக்கெட் நூடுல்ஸ். மற்றொன்று, மனைவி காய்ச்சலில் கிடந்தபோது வேகவைத்த பசலைக்கீரை. அந்தக் கீரைப் போரில் அவர் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். மலைபோல் பானைக்குள் திணித்த கீரை, ஒரு கொதி வந்ததும் கைக்குள் அடங்கும் உருண்டையாகச் சுருண்டுவிட்டது. இலையென்று பெயர்கொண்டது எதுவும் தண்ணீரில் சுருங்கும் என்பதே அன்றுமுதல் அவருடைய வேதம். கடலில் விளைந்தால் என்ன, கீரை கீரைதானே என்று எண்ணினார்.

பிறந்தநாள் நெருங்கியது. மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மலைகள் பின்னோட, சுரங்கப்பாதைகள் வாய்பிளந்து விழுங்கி விழுங்கி உமிழ, தென்கிழக்குக் கரையின் கிஜாங் துறைநோக்கிப் பேருந்தேறிப் போனார் வீரர். உள்ளூர்க் கடையில் பாசி கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் வஞ்சினம் உரைத்தவன் முக்குக் கடையில் வாங்கினால் காவியம் ஆகுமா? கிஜாங்கில் இறங்கியதும் சூடான மீன்கேக் குச்சி ஒன்றை நின்றபடியே தின்று, அதன் சாற்றைக் காகிதக் கோப்பையில் உறிஞ்சி, நண்டு ஆவியில் வேகும் மணத்தைக் கண்ணை மூடிக் கடந்து, பாசிக்கடைகளின் நடுவே நிமிர்ந்து நின்றார். அங்கே ஒரு கடைவாசலில், ஒரு சிறுபிள்ளை உயரத்துக்கு, கருமேகத்தைத் தகடாக அடித்துக் காயவைத்ததுபோல் சாய்ந்திருந்தது ஒரு பாசி. பிள்ளை பெற்றவளுக்கென்றே மடிக்காமல், நறுக்காமல், நீளவாக்கில் காயவைக்கும் தனிரகம் அது. அதற்கு விலை பேசுவது ஆகாது. இதெல்லாம் நம் வீரருக்குத் தெரியாது. பெரிதாக இருந்தது, பிடித்துப்போயிற்று.

ரப்பர் பூட்ஸ் போட்ட கடைக்காரம்மா எழுந்து வந்தாள். "யாருக்கு மொதலாளி? மகளுக்கா, மருமகளுக்கா?"

"என் வீட்டுக்காரிக்கு."

அவள் அவருடைய நரைத்த தலையை ஒருமுறை பார்த்தாள். "வீட்டுக்காரிக்கா? இந்த வயசுலயா?"

"வயசானா என்னம்மா? வருஷா வருஷம் வர்றதுதானே."

"வருஷா வருஷமா!" அவள் தராசைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம்தான் நான் மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா! இதையா?"

"அதான் இந்தத் தடவை விடறதா இல்ல. வியாழக்கிழமை காலையில, ஏழு மணிக்குள்ள, நானே என் கையால முடிச்சிடுவேன். மக போன்ல சொல்லிக் குடுப்பா."

கடைக்காரம்மா தராசை விட்டு நிமிர்ந்தாள். பிறகு எதிர்வரிசை மீன்கடையைப் பார்த்துக் கூவினாள்: "ஏ அக்கா, அதப் போட்டுட்டு இங்க ஓடி வா! இருந்தா இவர மாதிரி ஒரு புருஷன் இருக்கணும்!"

இருவரும் சேர்ந்து, இருப்பதிலேயே பெரிய தகட்டைப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, அவர் நெஞ்சில் சார்த்தினார்கள். "மடக்கக் கூடாது, வெட்டக் கூடாது. மடக்கினா அவங்களுக்குத்தான் கஷ்டம். போங்க மொதலாளி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று கடைக்காரம்மா கண்கலங்க வழியனுப்பினாள். ஒரு சூப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று வீரருக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும் பேருந்தில் அதைச் சாமான் அறையில் போட மறுத்து, பக்கத்து இருக்கைக்கும் சீட்டு வாங்கி, பாசிக்கு சீட்பெல்ட் மாட்டி, வழியெல்லாம் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில், கல்யாணமாகாமல் இஞ்சோனில் வேலை பார்க்கும் மகள் நாரி விட்டுப்போன பியானோவின் பின்னால் அது ஒளிந்தது.

முந்தின நாள் மாலை, குப்பை கொட்டும் சாக்கில் கீழே இறங்கிப்போய், வீரர் மகளிடம் போனில் போர்முறை கேட்டார்.

"மொதல்ல பாசியை ஊற வைக்கணும்ப்பா. அளவா எடுத்துக்கோங்க."

"அளவுன்னா எவ்வளவு?"

"அளவான்னா... அளவா. பாத்தாத் தெரியும்."

"நாரி, முப்பது வருஷம் நான் மீட்டர் பாத்தவன். அளவுன்னா அதுக்கு ஒரு நம்பர் இருக்கும்."

"சமையல்ல நம்பர் கிடையாதுப்பா. கை சொல்லும். பஸ் வந்துருச்சு, வெச்சிடறேன்!"

கை சொல்லுமாம்! வீரர் தம் கையைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அவர் வேதத்தைத் துணைக்கழைத்தார்: இலை சுருங்கும். மலைபோல் கீரைக்கு ஒரு கையுருண்டை என்றால், ஒரு தகடு பாசிக்கு எவ்வளவு மிஞ்சும்? ஒரு கிண்ணத்துக்குக் காணுமோ காணாதோ என்றுகூடக் கவலைப்பட்டார்.

வியாழன் புலர்ந்தது! கீழ்வானம் கிம்ச்சி ஊறுகாயின் செந்நிறம் கொள்ள, அடுக்குமாடிகளின் நெற்றியில் முதலொளி படிய, பொறுப்புள்ள மனைவியர் புரண்டு படுக்க, வீரர் சாங்கு பூனையடி எடுத்துவைத்து அடுக்களைக்குள் புகுந்தார். மார்புக்கவசமாக மனைவியின் பூப்போட்ட ஏப்ரன் கட்டினார். அது முன்பக்கம் பாதியைத்தான் காத்தது. பானையில் அரைவாசி நீர் வார்த்தார். பாசியை மடக்கக் கூடாதல்லவா? செங்குத்தாக நிறுத்தினார். நனைந்த அடிப்பாகம் தானே துவண்டு உள்ளே இறங்க, மேற்பாகம் ஓர் அரசனைப் போல அசைந்து அசைந்து அமிழ, கடைசி நுனியும் மறைந்தபோது, பானையில் பாதியிடம் காலியாகத்தான் கிடந்தது. "பாவம், இத்தனூண்டு" என்று இரங்கினார். பிறகு இறைச்சியை நறுக்கவும், பூண்டோடு போராடவும் முதுகைக் காட்டித் திரும்பினார்.

முதுகைக் காட்டுவதா, பகைவனுக்கு! பூண்டின் கடைசிப் பல்லை உரித்து நிமிர்ந்தபோது பானையின் மூடி ஒரு சாண் உயரத்தில் தொப்பிபோல் நின்றது. வீரர் அதை அமுக்கினார். அது மரியாதையாக இறங்கி, மறுபடி எழுந்தது. சரி, சிறு கலகம் என்று எண்ணி, குளிர்காலத்தில் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் ஊறவைக்கும் சிவப்பு ரப்பர்த் தொட்டியை இழுத்துவந்து பாசியை அதற்குள் கவிழ்த்தார். கவிழ்த்ததில் பாதி உள்ளே விழுந்தது. மீதி விழவேயில்லை, ஏனெனில் அது இன்னும் வந்துகொண்டேயிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார், மறுமுனை பானையை விட்டபாடில்லை. தொட்டியில் விழுந்ததோ, இழந்த கடலை நினைந்து நினைந்து விம்மி, மடல் மடலாய் விரிந்து, பசுங்கருமை பளபளக்க, வழுவழுவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குதிரைப்படையும் காலாட்படையும் கலந்து கோட்டைமதில் தாண்டுவதுபோல் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தரையில் கால்வைத்தது. அரிசிக் குக்கரின் உட்பாத்திரம் அழைக்கப்பட்டது, நிரம்பியது. நூடுல்ஸ் சட்டி வந்தது, மூழ்கிற்று. வாணலி, பழக்கூடை, கல்யாணப் பரிசாக வந்து இதுநாள்வரை அட்டைப்பெட்டியை விட்டு வெளிவராத கண்ணாடிப் பாத்திரம், எல்லாம் வரிசையாகக் களம்புகுந்து வரிசையாக வீழ்ந்தன. கடலே இல்லாத சொங்ஜுவில், பதினான்காம் மாடியில், அன்று கடல் வந்து உட்கார்ந்தது.

ஆயினும் வீரர் தளரவில்லை. பகைப்படையின் ஒரு பிரிவைப் பெரிய பானைக்குள் சிறைப்பிடித்து, நல்லெண்ணெயில் இறைச்சியோடு வதக்கி, நீர் வார்த்து, சோயா ஊற்றி, பூண்டு தட்டிப் போட்டு, கொதிக்கவிட்டார். வெட்டவில்லை. வெட்டக் கூடாதென்று கிஜாங்கில் சொல்லியிருந்தார்களே. மணம் எழுந்தது. உண்மையான மணம், பிறந்தநாள் மணம்! அவருக்கே நம்பமுடியவில்லை, கண்ணில் நீர் கோத்தது. ஒரு வருஷமாகக் கனத்த ஏதோ ஒன்று நெஞ்சைவிட்டு இறங்கியது. வெற்றிக் களிப்பில், மிஞ்சியதை என்ன செய்வதென்று கேட்க மகளை வீடியோவில் அழைத்தார்.

நாரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு மறுகண்ணையும் திறந்தாள். "அப்பா... முழுசையுமா போட்டீங்க?"

"சுருங்கும்னு நெனச்சேன்."

"யப்பா! அது அம்பது பேருக்கு வரும்ப்பா! கொஞ்சம் போன திருப்புங்க, அது என்ன, பழக்கூடையிலயா..." அவள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது. "அப்பா, இன்னிக்கு என்ன கெழமை?"

"வியாழன். அம்மா பொறந்தநாளு. இந்தத் தடவை மறக்கலை பாத்தியா?"

"வியாழக்கெழமை அம்மாவுக்கு கார் டெஸ்டுப்பா! மூணு தடவை தோத்து, இது நாலாவது. வாரம் பூரா சொல்லிட்டே இருந்தாங்கல்ல? டெஸ்டு அன்னிக்கு யாராவது மியோக் சூப் குடுப்பாங்களா? வழுக்கிடாது?"

இடி! மின்னல்! மலைகள் நடுங்கின, வழுக்கியவை அனைத்தும் ஒருகணம் வழுக்க மறந்தன! அந்நாட்டில் தேர்வில் தோற்றவனைத் தோற்றான் என்பதில்லை, 'மியோக் சூப் குடிச்சுட்டான்' என்பார்கள். தேர்வு நாளில் தாய்மார் அந்த வழுக்குப் பாசியின் பெயரைக்கூட எடுக்கமாட்டார்கள். தேர்ச்சி ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒட்டரிசி உருண்டையைத்தான் ஊட்டி அனுப்புவார்கள். ஓக்பூனோ ஐம்பத்தாறு வயதில் ஸ்டியரிங் பிடிக்கத் துணிந்து, வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தை இடமும் வலமும் திருப்பிப் பழகியவர். எதிரே உட்கார்ந்திருந்த வீரர் அப்போதெல்லாம் பாசியைப்பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்பக்கம் பிறந்தநாள், அப்பக்கம் பரீட்சை. சூப் கொடுக்காவிட்டால் இரண்டாம் வருஷமும் மறந்த பாவி. கொடுத்தால் கட்டியவளைத் தன் கையால் கவிழ்த்த பாவி. இரு பெரும் படைகளுக்கு நடுவே பூப்போட்ட ஏப்ரனோடு நின்ற வீரர், கரண்டியை வானோக்கி உயர்த்தி, மனத்துக்குள் முழங்கினார்: "கடலே, நீ இங்கு வந்ததை எவரும் அறியற்க! ஓக்பூன் வெல்க! நான் மறந்தவனாகவே மாய்க!" எத்தகைய தியாகம் பாருங்கள். உள்ளதைச் சொன்னால், அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

தொடங்கிற்று மறைப்புப் போர். பழக்கூடைப் படை கிம்ச்சி ஃப்ரிட்ஜுக்குள் புகுந்தது. நூடுல்ஸ் சட்டிப் படை செருப்பு அலமாரியில், அவருடைய மலையேற்றப் பூட்ஸுக்குள் பதுங்கியது. குக்கர்ப் படையை மீன்பிடிப் பெட்டியில் அடைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினார். பெரும்படையை வாரி வாரி வாஷிங் மெஷினுக்குள் தள்ளி, கதவை முழங்காலால் மூடினார், சூப் பானையைப் பால்கனிக்கு நகர்த்தினார். எல்லாம் ஒளிந்தது, ஆனால் மணம்? ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்கும் போயிற்று. நல்லெண்ணெய் மணத்தை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது? கடைசியாகச் சிவப்புத் தொட்டியின் மிச்சத்தைத் தூக்கிக் குளியலறைக்கு ஓடும்போது, தரையில் கிடந்த ஒரே ஒரு இழை, யாரும் கவனிக்காத ஒரு கடைநிலைச் சிப்பாய், வீரரின் இடது காலுக்கடியில் புகுந்தது.

மலை சாய்ந்தாற்போல் சாய்ந்தார் சாங்கு. தொட்டி எழுந்தது, கடல் எழுந்தது, எழுந்தவை எல்லாம் அவர் தலைமேலேயே இறங்கின. அறைக்கதவு திறந்தது. சீப்பும் கையுமாக ஓக்பூன் நின்றார்.

"நாரியப்பா. தலையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா அது ஏன் சொட்டுது?"

வீரர் எழ முயன்று மறுபடி உட்கார்ந்தார். அம்மையார் அவரைச் சுற்றிக்கொண்டு, உலரவைத்திருந்த சாக்ஸை எடுக்க வாஷிங் மெஷினைத் திறந்தார். அதிலிருந்து பாசி மெதுவாக, வரவேற்பதுபோல், வெளியே வந்தது. கூடவே ஒரு சாக்ஸும் வந்தது.

"இன்னிக்கு உனக்குப் பொறந்தநாளு" என்றார் வீரர் தரையிலிருந்து. "போன வருஷம் மறந்துட்டேன். அதனால கிஜாங் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன். டெஸ்டு இருக்குங்கறத மறந்துட்டேன்."

"போன வருஷம் பொறந்தநாளு, இந்த வருஷம் டெஸ்டு. மறக்கறதுக்குன்னே ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு வெச்சிருக்கீங்க." அவர் ஒரு மடலைத் தூக்கினார். கை உயர்ந்தது, தோள் உயர்ந்தது, இழை முடியவில்லை. "இதென்ன இம்புட்டு நீளம்? ஏன் வெட்டலை?"

"வெட்டக் கூடாதுன்னு கடையில சொன்னாங்க. மடக்கினா உனக்குத்தான் கஷ்டமாம். ஏழு மணிக்குள்ள நானே முடிச்சிடுவேன்னு சொன்னேன், உடனே அந்தம்மா அழுதே விட்டுட்டாங்க."

ஓக்பூன் அவரையே பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று புரண்டது. "அட என் தலையெழுத்தே! இது பிரசவப் பாசிங்க! எனக்குக் கொழந்த பொறக்கப் போகுதுன்னு நெனச்சிருக்காங்க, அதுவும் நீங்களே மருத்துவம் பாக்கப் போறீங்கன்னு!" என்று சொல்லி, வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் ஈரத்தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சீப்பால் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று வீரருக்கு நினைவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் சாங்கு சொன்னார்: "முடிவெட்டற கடையில நீ சொன்னதக் கேட்டேன். கறியெல்லாம் போட்டு வெச்சுக் குடுத்தேன்னு சொன்னியே. வாசல்லதான் நின்னேன்."

ஓக்பூன் சீப்பைக் கீழே வைத்தார். கணவரின் காதில் தொங்கிய இழையை எடுத்து, விரலில் சுற்றி, தொட்டியில் போட்டார். "கறி போட்டிருக்கீங்களா அந்தச் சூப்புல?"

"போட்டிருக்கேன்."

"அப்ப ஊத்துங்க."

"வேண்டாம் நாரியம்மா, வழுக்கிடும். நான் ஓடிப்போய் ஒட்டரிசி உருண்டை வாங்கிட்டு வந்துடறேன்."

"மூணு தடவையும் அந்த உருண்டையத்தான் தின்னுட்டுப் போனேன். என்ன ஒட்டுச்சு? பல்லுலதான் ஒட்டுச்சு. ஊத்துங்க, பசிக்குது."

வந்தமர்ந்தார் ஓக்பூன், போர்க்களத்தின் நடுவே மயிலாசனத்தில் அரசி அமர்ந்ததுபோல, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் அணிந்து. ஆவி பறக்கும் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி வைத்தார் வீரர். அம்மையார் குச்சிகளால் ஓர் இழையைத் தூக்க, அது நீண்டு, மேலும் நீண்டு, அவர் எழுந்து நின்றும் கிண்ணத்தை விடாமல் நீள, அடுக்களைக் கத்தரிக்கோலை எடுத்து, பிரசவப் பாசியின் மாண்பையெல்லாம் மறந்து, நறுக் நறுக்கென்று வெட்டினார். ஒரு வாய் வைத்தார். வீரர் மூச்சை நிறுத்தினார்.

"உப்பு பத்தலை" என்றார் ஓக்பூன். அப்படியே முழுக் கிண்ணத்தையும் குடித்து, சோறு கலந்து அடியையும் வழித்துச் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டது ஆவியினால் என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு எழுந்தார்! எழுந்தார் ஓக்பூன், சொங்ஜு நகரின் சிங்கம், சிக்னலுக்கு அஞ்சாச் சீமாட்டி, மும்முறை வீழ்ந்தும் மும்முறையும் எழுந்த மானமறத்தி, வயிற்றில் ஒரு கடலையும் நெஞ்சில் ஒரு தீயையும் சுமந்து! பதினான்கு மாடிகளும் அதிர லிஃப்ட் இறங்கியது. வாசலில் ஜிங்கோ மரங்கள் பொன்னிலை சொரிந்தன. காவற்காரர் எழுந்து நின்று வணங்கினார். பள்ளி வாகனங்கள் ஒதுங்கி வழிவிட்டன. தலையில் இன்னும் ஓர் இழை மின்ன, பால்கனியில் நின்று, வீரர் சாங்கு இரு கைகளையும் வானுக்குயர்த்தினார். காற்றே, பின்னின்று தள்ளுக! சாலையே, நேராகுக! திருப்பங்களே, திரும்பிக்கொள்க! இடப்பக்கக் கண்ணாடியே, வலப்பக்கக் கண்ணாடியே, மறைப்பதொன்றின்றிக் காட்டுக! பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையசைத்த அந்த வெற்றித் திருமகளை, ஏழு கடலின் பாசியும் சேர்ந்து வந்தாலும் இனி வழுக்கி வீழ்த்த வல்லவர் எவர்?

டெஸ்டில் தோற்றுவிட்டு மதியம் வீட்டுக்கு வந்த ஓக்பூன், சூப்பைச் சுடவைத்து இன்னொரு கிண்ணம் குடித்தார்.